நுனிமுடிக் கவ்வாத்து

கண்டி,
கொழும்பு வீதி,
ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்.

பெருமதிப்புக்குரிய மச்சான், ஓய்வுபெற்ற அதிபர் செல்லச்சாமி அவர்களின் சமுகத்துக்கு, மடுல்கெல்லைத் தோட்டத்தின் முன்னாள் கவ்வாத்துக் கங்காணியும் தங்கள் தங்கை ரத்தினம்மாவின் கணவனுமாகிய அழகையா பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் மகள் இராஜேஸ்வரியும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் வரப்போகிற மழையை முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருக்கிறது. அங்கே புசல்லாவையில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் கறவைப் பசுவும் சுகம் என்றே நினைக்கிறேன்; இல்லாவிட்டால் டெலிபோன் வந்திருக்கும். நானும் டெலிபோனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் வாயைத் திறந்ததும் தாங்கள் “சுருக்கமாச் சொல்லுங்க அழகையா” என்பீர்கள். இதைச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆகவே கடதாசி.

விஷயம் தாங்கள் அறிந்ததுதான். தாங்களே முன்னால் நின்று விண்ணப்பம் நிரப்பி அனுப்பியதில் தங்கள் மருமகள் இராஜேஸ்வரிக்குத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியர் நியமனம் வந்திருக்கிறது. சம்மதப் படிவம் இந்த முப்பத்தோராம் திகதிக்குள் தபாலில் சேர வேண்டும். அவளோ எட்டு மாதமாக இங்கே சைக்கிள் சாமான் கடைக்கு மேல்மாடியில் பெண்களுக்கான அழகு நிலையம் ஒன்றை நடத்திக்கொண்டு, “பார்ப்போம் அப்பா” என்றே சொல்லி வந்தாள். தோட்டத்தை விட்டு இறங்கி இவளோடு வந்து இருக்கத் தொடங்கிய நாளிலிருந்து காலைத் தேத்தண்ணியோடு ஒருமுறை, இராச் சோற்றோடு ஒருமுறை என்று நானும் சொல்லிப் பார்த்தேன். போன வெள்ளிக்கிழமை பொறுமை விட்டுப்போய், “தலமயிர் வெட்டுற வேலைக்கா ஒங்கம்மா ஒன்னயப் படிக்க வெச்சா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டது என் வாய்தான், மறைக்க மாட்டேன். அவள் படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள், அவர்கள் அனுப்பிய அந்த நல்ல மண்ணிறக் கவரில் வைத்தாள், என் கையில் தந்தாள். “ஒங்களுக்காகத்தான் அப்பா. நீங்களே போஸ்ட் பண்ணிருங்க” என்றாள். கவர் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது.

நான் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமையிலிருந்து அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை மச்சான். வேலை செய்யும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடுவாள், அதுவும் நின்றுவிட்டது. ஆகையால் தாங்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் இங்கே வந்து, அந்தக் காலத்துப் பிரார்த்தனைக் கூட்டக் குரலில் ஆசிரியத் தொழிலின் மகிமையை அவளுக்கு எடுத்துச் சொல்லி, மனசோடு போகும்படி செய்துவிட்டுப் போக வேண்டும். இதற்காகத்தான் கடிதம். இத்துடன் முடித்திருப்பேன். ஆனால் இடையிலே ஒரு சங்கதி நடந்துவிட்டது. மகளின் கடைக்கு வந்த கடுகண்ணாவைச் சுப்பம்மா என்பவளின் குரல் புசல்லாவைக்கே கேட்கும் என்பதால், அவள் சொல்லி நீங்கள் அறிவதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை.

மூன்று கிழமைக்கு முன்னால், மகளுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அப்படியே நியமனத்தைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லலாம் என்று கடையிலேயே ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தேன். வருகிற பெண்கள் எல்லாரும் என்னையும் என் மொட்டையான உச்சியையும் பார்த்துவிட்டு, ‘இவருக்கு இங்கே என்ன செய்யப்போகிறார்கள்?’ என்பதுபோல் முழித்தார்கள். அப்போதுதான் சுப்பம்மா தன் அக்கா மகள் புஷ்பத்தைக் கூட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தாள். புஷ்பத்துக்கு நாளைக்குக் கல்யாணம். (நாளைக்கு என்றால் இந்தக் கடிதத்தின் நாளைக்கு.) இயற்கையிலேயே சுருட்டை முடி, இடுப்புக்கு வரும். கல்யாணப் படத்தில் அது நேராக விழ வேண்டும் என்று ஆசை. நிச்சயதார்த்தத்தன்று சுப்பம்மா என்ன செய்திருக்கிறாள் தெரியுமா? பிள்ளையின் தலையை மேசைமேல் சாய்த்து, மேலே ஒரு துணியைப் போட்டு, சட்டை தேய்க்கிற அயன்பெட்டியால் அழுத்தித் தேய்த்திருக்கிறாள்! மேல்முடி தப்பிவிட்டது. நுனி தப்பவில்லை. மகள் ராஜி அதை இரண்டு விரலால் உரசிப் பார்த்தாள். நான் இருந்த கதிரைக்குக் கேட்டது அந்தச் சத்தம். கிளி கொத்திப் போட்ட தேங்காய்த் தும்புதான்.

ராஜியிடம் விளக்கு வைத்த பூதக்கண்ணாடி ஒன்று இருக்கிறது. அதை வைத்து நுனியைப் பார்த்தாள். எனக்கும் பார்க்க வேண்டும்போல் இருந்தது, எழுந்து போய்ப் பார்த்தேன். மச்சான், நான் அறுபத்தாறு வயது ஆள், முடியை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரே ஒரு முடி. அது நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கிறது, அதில் ஒரு கிளை திரும்ப இரண்டாகப் பிளந்திருக்கிறது, பட்டை உரிந்து உள்தண்டு தெரிகிறது. கடவுளே, இது செடி! நான் முப்பத்திரண்டு வருடம் கத்தி பிடித்துக் கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி! ஒரு தலையில் இப்படி ஒரு லட்சம் இருக்குமாம். (தங்கள் தலையைப் பற்றி நான் விசாரிக்கவில்லை.) என்னையறியாமல், “காஞ்ச வாது, செத்த கெள! அஞ்சு அங்குலம் எறக்கி, பச்ச தெரியிற எடத்துல வெட்டணும்!” என்று கத்திவிட்டேன்.

சுப்பம்மா திரும்பி, “இந்தக் கெழவன் யாரு?” என்றாள். புஷ்பம் அழத் தொடங்கிவிட்டாள்.

அழுததற்குக் காரணம் என் சத்தம் இல்லை. அதற்குச் சற்று முன்னால் ராஜி அவளிடம் ஒரு கணக்குச் சொல்லியிருந்தாள். முடி மாதத்துக்கு அரை அங்குலம் வளருமாம். வளர்வது வேரில். அப்படியென்றால் நுனிதான் தலையிலேயே வயதில் மூத்தது. இடுப்புக்கு வருகிற முடியின் நுனி ஐந்து வருடத்து வெயிலையும் தலையணையையும் சீப்பையும் கண்டது, அதனால்தான் முதலில் காய்கிறது, சூடு பட்டால் முதலில் சாகிறது என்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆனால் புஷ்பம் வேறொரு கணக்குப் போட்டாள். “எங்கம்மா செத்து நாலு வருசங்க அக்கா” என்றாள். “அப்படின்னா அம்மா எண்ண தேச்சி வாரிவிட்ட முடி இந்தக் கடைசி அஞ்சு அங்குலந்தான?” நான் வெட்டச் சொன்னதும் அதே அஞ்சு அங்குலம்.

ராஜி கத்தரிக்கோலை மேசை லாச்சிக்குள் வைத்து மூடினாள். “மொதல்ல தேத்திப் பாப்பம்” என்றாள். அதற்குப் பிறகு மூன்று கிழமை அந்தப் பிள்ளை வந்து போனதையெல்லாம் நான் கதிரையில் இருந்து பார்த்தேன். நியமனத்தைப் பற்றிப் பேச மறந்தே போனேன். கழுவும்போது நுரையை நுனியில் போட்டுக் கசக்குவதில்லை, மேலிருந்து வழிகிறதே போதும் என்று விடுகிறாள். பிறகு கண்டிஷனரை நுனிக்கு மட்டும் பூசி, குழந்தைக்கு மருந்து கொடுத்த மாதிரிப் பொறுத்திருக்கிறாள். துவாயால் துடைப்பதில்லை, பழைய பருத்திச் சேலைத் துண்டால் ஒற்றி எடுக்கிறாள். அகலப்பல் சீப்பால் கீழே இருந்து மேலே சிக்கெடுத்துப் போகிறாள். நம் வீட்டுப் பெண்கள் உச்சியில் இருந்து இழுப்பார்களே, அது கிடையாது. பிறகு நான் கண்கொண்டு பார்த்த அதிசயம்: ஒரு சிறு கற்றையை எடுத்துக் கயிறு மாதிரி முறுக்குகிறாள். முறுக்க முறுக்க, பிளந்த நுனிகள் மட்டும் சிலிர்த்துக்கொண்டு வெளியே நிற்கின்றன. நிற்கிறவற்றை மட்டும் கத்தரிக்கிறாள். நீளம் குறையவில்லை! ஒரு கற்றை, இன்னொரு கற்றை என்று மூன்று மணி நேரம். நான் ஒரு நாளைக்கு இருநூறு செடி கவ்வாத்துப் பண்ணியவன், துரையே வந்து பார்த்துத் தலையாட்டிய கை என் கை. இவ்வளவு சின்னக் கவ்வாத்தை நான் கண்டதில்லை. பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

நுனி தேறிக்கொண்டு வந்தது மச்சான். வியாழக்கிழமை தொட்டுப் பார்த்தபோது சத்தம் இல்லை. இந்த இடத்தில்தான் நான் கெடுத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மகள் கையெழுத்துப் போட்டுத் தந்த கவரோடு நான் படி இறங்குகிறேன், கீழே சுப்பம்மா நிற்கிறாள். என்னைப் பார்த்து, “ஐயா, ராஜி ஞாயித்துக்கெழமதான் நேராக்கிப் பாக்கலாம்னு சொல்லுது. எனக்கு நெஞ்சு பதறுது. பக்கத்து வீட்டுல அந்தச் சூட்டு இடுக்கி இருக்கு, ஒருக்கா இழுத்துப் பாக்கவா?” என்று கேட்டாள். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவள் என்னை ஐயா என்றாள், அதுவும் முதல் தடவையாக. எனக்கு முப்பத்திரண்டு வருட அனுபவம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. செடியை வெட்டினால் வெட்டுவாயை மூட வேண்டும், மருந்து பூச வேண்டும், தழையைப் பரப்ப வேண்டும், சும்மா விட்டால் வெயிலில் கருகிவிடும். தோட்டத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். “வெட்டுன எடத்த மூடாம சூடு காட்டக்கூடாதும்மா. நுனிக்குத் தேங்காண்ணெய நல்லாப் பூசி அடைச்சிட்டு இழு” என்றேன். ‘சூடு காட்டுறதுக்கு முன்னாடி எண்ண தொடக்கூடாது, சொட்டு ஈரமும் இருக்கக்கூடாது’ என்று ராஜி என் காதுபட ஐந்து தடவை சொல்லியிருக்கிறாள். அது ஒரு பெண்பிள்ளையின் பேச்சு என்று நினைத்தேனோ என்னவோ.

நேற்றுக் காலை பத்து மணிக்கு அப்பளம் பொரித்த வாசம் படியேறி வந்தது. பின்னாலேயே சுப்பம்மாவின் குரல் வந்தது. அதற்குப் பின்னால், முக்காட்டைப் போட்டு மூடிக்கொண்டு புஷ்பம். எண்ணெய் தடவிய நுனியைச் சுப்பம்மா உச்சச் சூட்டில் இடுக்கிப் பிடித்து இழுத்திருக்கிறாள், புகை வந்திருக்கிறது, அது சரியாக அடைகிற அறிகுறி என்று நினைத்து இன்னொரு தடவையும் இழுத்திருக்கிறாள்!

“ஒன்னய நம்பி மூணு கெழம வந்தம்! நாளன்னைக்குக் கல்யாணம்! இதுதான் நீ தேத்துன லட்சணமா?” என்று சுப்பம்மா கத்துகிறாள். கீழே சைக்கிள் கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு மேலே பார்க்கிறார், காத்திருந்த இரண்டு பெண்கள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். ராஜி அந்த நுனியைக் கையில் எடுத்துப் பார்த்து, “எண்ண வெச்சீங்களா?” என்று மட்டும் கேட்டாள். சுப்பம்மா இன்னும் சத்தம் போட்டாள்.

மச்சான், நீங்கள் படித்தவர், யோசித்துப் பாருங்கள். நான் வாயை மூடிக்கொண்டு கதிரையில் இருந்திருந்தால் போதும். கடையின் பெயர் அன்றைக்கே போயிருக்கும், பிள்ளை மறுபேச்சில்லாமல் பாடசாலைக்குப் போயிருக்கும், நீங்கள் பஸ் ஏறி வரவும் வேண்டியதில்லை. கவர் என் பையில் நெஞ்சைக் குத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனால் என் மகளுடைய முகத்தைப் பார்த்தேன். எழுந்து நின்றேன். “நாந்தாம்மா சொன்னேன். இது என் தப்பு. ராஜி சொன்னதுக்கு மாறா நாந்தான் எண்ண பூசச் சொன்னேன்” என்றேன். ஐம்பது ஆட்களை மேய்த்த கங்காணி நான், நாலு பெண்களுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ராஜி என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள், “அப்பா, லைட்டப் பிடிங்க” என்றாள். அவ்வளவுதான்.

பத்தரைக்குப் பிடித்த லைட்டை ஐந்து மணிக்குத்தான் இறக்கினேன். வெந்த எண்ணெயை இரண்டு தடவை, முடி நோகாமல் கழுவி எடுத்தாள். கண்டிஷனர் போட்டு ஊறவிட்டாள். ஒற்றி, உலர்த்தி, முறுக்கி, வெந்ததையும் வேகாததையும் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் பிரித்தாள். மூன்று மணிக்கு என் கை ஆடிவிட்டது; “அப்பா, கை” என்றாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோயிலில் அபிஷேகம் பார்க்கும்போதுகூட எனக்கு நடுவில் கொட்டாவி வரும். நேற்று வரவில்லை. கடைசியில், “ரெண்டு அங்குலம் போகுது புஷ்பம், மூணு அங்குலம் ஒங்கம்மாவோடது நிக்கிது. சம்மதமா?” என்று கேட்டாள். புஷ்பம் தலையை ஆட்டினாள். வெட்டிய இரண்டு அங்குலத்தையும் லேஞ்சித் துணியில் முடிந்துகொண்டாள், மாத்தளை அம்மனுக்குப் பூமுடியாகக் கொடுப்பதற்கு.

இன்றைக்குக் காலை ராஜி நேராக்கிப் பார்த்தாள். முடியைச் சூடு தாக்காமல் காக்கிற களிம்பு ஒரு பொட்டளவு, இடுக்கியில் சூடு குறைவாக, ஒரு கற்றைக்கு ஒரே ஒரு இழுப்பு. நுனிக்கு வந்ததும் இடுக்கியை இறுக்காமல் பட்டும் படாமலும் வழியவிட்டாள். சுருள் சுருளாக இருந்தது, வாய்க்காலில் தண்ணீர் திறந்த மாதிரி இறங்கிக்கொண்டே வந்தது. நான் வாய் திறந்தபடி நின்றேன். ஈரம் பட்டால் இது மறுபடி சுருண்டுவிடுமாம், பிறவிக் குணத்தை மறக்காதாம். அதுவும் எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருக்கிறது. புஷ்பம் நுனியை முன்னால் எடுத்துக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடினாள். “அம்மா கை மாதிரி இருக்குங்க அக்கா” என்றாள். சுப்பம்மா விக்கி விக்கி அழுதாள். அழுது முடித்துவிட்டு, தன் நுனியையும் ஒருக்கா பார்க்க முடியுமா என்று கேட்டாள்.

நிற்க. இதிலிருந்து தாங்கள் விளங்கிக்கொள்ள வேண்டியது, இது எவ்வளவு தொல்லைபிடித்த தொழில் என்பதைத்தான். ஒரு பிள்ளை ஆறரை மணி நேரம் சோறு தண்ணி இல்லாமல் நிற்கிற தொழில். பாடசாலையில் என்றால் ஒன்றரை மணிக்கு மணி அடித்துவிடும். எனவே தாங்கள் ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி பஸ்ஸிலேயே தவறாமல் வந்து, ராஜிக்கு நல்ல புத்தி சொல்லி, அந்தப் பிள்ளையைச் சிரிக்க வைத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். நாளைக்குக் கல்யாணத்துக்குப் போகிற வழியில் இரண்டு கவரையும் ஒன்றாகத் தபாலில் சேர்ப்பேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. பசுவுக்கு முதுகில் ஒரு தட்டு. எல்லாரும் நோய்நொடி இல்லாமல், கொழுந்து மாதத்துத் தேயிலை மாதிரித் தழைத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

தங்கள் அன்புள்ள,
அழகையா.

பி.கு.: இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. கடிதம் நேற்றுப் போடப்படவில்லை. கல்யாணம் நன்றாக நடந்தது. படம் எடுத்து முடிந்த கையோடு கடுகண்ணாவையில் தூறல் பிடித்துக்கொண்டது; புஷ்பத்தின் முடி சாயங்காலத்துக்குள் பழையபடி சுருண்டுவிட்டது. மாப்பிள்ளை அதற்குப் பிறகுதான் வைத்த கண் வாங்காமல் பார்த்தான்.

வீட்டுக்கு வந்து ராஜி கொண்டையை அவிழ்த்தாள். எப்போதும் கொண்டைதான் போடுவாள், நான் கவனித்ததில்லை. அவள் நுனி புஷ்பத்தின் நுனியைவிட மோசம் மச்சான். செம்பட்டையாகி, பிளந்து, தும்பாகக் கிடக்கிறது. “ஊரு நுனியெல்லாம் பாக்குற, ஒன்னோடது ஏம்மா இப்புடி?” என்றேன். “அம்மா போயி நாலர வருசம் அப்பா. இந்தக் கடைசி ரெண்டு அங்குலந்தான் அவங்க வாரினது. இன்னொரு ஆள் கையில குடுக்க மனசு வரல” என்றாள். பிறகு கத்தரிக்கோலை என் கையில் வைத்தாள். “நீங்க முப்பத்திரெண்டு வருசம் நுனி வெட்டித்தான என்னயப் படிக்க வெச்சீங்க. வெட்டுங்க.”

வெட்டினேன். கண் மறைத்தது, கை பழக்கத்தில் போயிற்று. செடிக்கு வெட்டுகிற மாதிரிச் சரிவாக வெட்டிவிட்டேன். அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “ஏம்பா, மழத்தண்ணி வடியவா?” என்று கேட்டு, குனிந்து குனிந்து சிரித்தாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இப்போதுதான்.

ரத்தினம்மா தொட்ட இரண்டு அங்குலம் என் உள்ளங்கையில் இருந்தது. அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை. சட்டைப் பையைத் தடவினேன். உங்கள் கவரில் இந்தக் கடிதம் இருக்கிறது. மற்றது நல்ல கெட்டி மண்ணிறக் கவர். படிவத்தை வெளியே எடுத்துவிட்டு, முடியை உள்ளே வைத்தேன்.

“அப்பா, அது போஸ்ட் பண்ற கவர்” என்றாள் ராஜி.

“வீட்ல வேற கவர் இல்ல” என்றேன்.

இன்றைக்குத் திகதி முப்பத்தொன்று. தபால் கந்தோர் மூடியாகிவிட்டது. கவர் அலுமாரியில், உங்கள் தங்கையின் கல்யாணச் சேலைக்கு நடுவில் பத்திரமாக இருக்கிறது. படிவமும் வீணாகவில்லை, அலுமாரியின் ஒரு கால் நெடுநாளாக ஆடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்னைத் திட்டுவதற்காவது வாருங்கள், அக்காவையும் கூட்டி வாருங்கள், நுனியை ராஜி பார்ப்பாள். எனக்குச் சீனி வருத்தம் (அதுதான் நீரிழிவு) என்று ஆறு மாதமாகச் சீனியில்லாமல் வெறும் தேத்தண்ணி தந்துகொண்டிருந்தவள், இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு கோப்பை கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறாள். குடித்துப் பார்த்தேன். இரண்டு கரண்டி சீனி போட்டிருக்கிறாள்.